தளர்ந்த சுருள்

ஜூன் 3, செவ்வாய்

ஆண்டுத் துப்பாக்கிப் பயிற்சிக்கு உத்தரவு வந்துவிட்டது. வரும் திங்கள்கிழமை மலையடிவாரத்து ரேஞ்சில் தொடக்கம். அதற்குள் எஸ்.எல்.ஆர். துப்பாக்கிகள் எல்லாவற்றையும் பிரித்துத் துடைத்து, சோதித்து, ரேக்கில் அடுக்கியாக வேண்டும். ஆயுதக் கிடங்கில் இருப்பது நானும் முப்பிடாதி அண்ணாச்சியும் மட்டும்தான். இரண்டு பேரும் தலைமைக் காவலர்கள். அவர் என்னைவிட மூத்தவர். ஆனால் துப்பாக்கி நல்ல நிலையில் இருக்கிறது என்று கையெழுத்துப் போடும் பொறுப்பு என்னுடையது.

இந்த மாவட்ட ஆயுதப்படையில் துப்பாக்கி பழுதுபார்க்கும் வேலைக்கு வந்த முதல் பெண் நான். வந்த புதிதில், "இதுக்குக் கை வேணும்லா, படிச்சா மட்டும் போதுமா" என்று அண்ணாச்சி யாரிடமோ சொன்னது என் காதில் விழுந்தது. அதற்குப் பிறகு அவர் அப்படி எதுவும் சொன்னதில்லை. நானும் அதை மறக்கவில்லை.

இப்போது கொஞ்ச நாளாக அவரிடம் ஒரு புதுப் பழக்கம். நான் பார்த்து முடித்து ரேக்கில் வைத்த துப்பாக்கியை மறுபடி எடுத்து அதன் கைப்பிடியை இழுத்துப் பார்க்கிறார். ஏன் என்று கேட்டால், சும்மாதான், கை பழக வேண்டாமா என்கிறார். முப்பது வருஷ சர்வீஸ்காரருக்கு இனிமேல் என்ன பழகவேண்டியிருக்கிறதோ.

வீட்டில் குக்கர் மூடி திறக்க வரவில்லை. கேஸ்கட் மாற்ற வேண்டும் என்று நினைக்கிறேன். வீட்டுக்காரர் ஆசீர் வந்து ஒரே திருகில் திறந்தார். கேஸ்கட் நன்றாகத்தான் இருக்கிறது என்றார். சூடு ஆறியிருக்கும்.

ஜூன் 5, வியாழன்

அண்ணாச்சி லீவு. தங்கை மகள் கல்யாணம். அடுத்த வாரம் முழுக்க வரமாட்டார். தனியாக வேலை பார்ப்பது ஒருவகையில் நிம்மதி. யாரும் பின்னால் வந்து திரும்ப இழுத்துப் பார்க்கமாட்டார்கள்.

இன்று முழுவதும் ரீகாயில் ஸ்பிரிங் வேலை. எஸ்.எல்.ஆரின் பின்கட்டைக்குள் ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு சுருள்கள் உட்கார்ந்திருக்கும். குண்டு வெடித்ததும் உள்ளிருக்கும் உலோகப் பாகம் பின்னால் பாய்ந்து இந்தச் சுருளை நெரிக்கும். நெரிந்த சுருள் திருப்பித் தள்ளும்போதுதான் அடுத்த குண்டு குழலுக்குள் ஏறி, குழலின் பின்வாயை போல்ட் அடைத்துக்கொள்ளும். சுருள் தளர்ந்துபோனால் அந்தத் தள்ளல் சோம்பும். போல்ட் முக்கால்வாசி வந்து நின்றுவிடும். துப்பாக்கி சுடாது.

எப்போது மாற்றுவது என்பதுதான் கஷ்டமான கேள்வி. ஒடிந்தால் கண்ணுக்குத் தெரியும். தளர்ந்தால் தெரியாது. துப்பாக்கி சும்மா இருக்கும்போது, எண்ணெய் போட்டுத் துடைத்திருக்கும்போது, தளர்ந்த சுருளும் போல்ட்டை அடைத்துக் காட்டிவிடும். நிறைந்த மேகசினோடு, சூடேறி, புகை படிந்த பிறகுதான் அது கைவிடும். புதுச் சுருள் பக்கத்தில் இருந்தால் நீளம் ஒப்பிடலாம். கேட்டு எழுதி மாதக்கணக்காகிறது, வரவில்லை. எங்களிடம் இருப்பவையெல்லாம் ஒரே காலத்தில் வந்தவை. பழசோடு பழசை வைத்தால் எல்லாம் ஒரே நீளம்தான்.

ஆகவே கைதான். துப்பாக்கியின் இடது பக்கத்துக் கைப்பிடியான காக்கிங் ஹேண்டிலை இடது கையால் பின்னுக்கு இழுத்து, எதிர்ப்பு எவ்வளவு என்று பார்க்க வேண்டும். இத்தனை வருஷம் இழுத்த கைக்குத் தெரியும். இன்று பார்த்தவரை எல்லாம் நல்ல பலம். சிலவற்றை இழுக்கக் கட்டையை வயிற்றில் முட்டுக்கொடுக்க வேண்டியிருந்தது. இன்னும் ஒரு வருஷம் கவலையில்லாமல் ஓடும்.

ஜூன் 6, வெள்ளி

முடிந்தது. எல்லாம் நல்ல நிலை. இடது தோளிலிருந்து விரல்வரை ஒரு குடைச்சல். தனியாளாகப் பார்த்தது காரணம். ஆசீர் தைலம் தேய்த்துவிட்டார்.

ஜூன் 9, திங்கள்

மனசே சரியில்லை.

கமாண்டோ பயிற்சிக்கு ஆள் எடுக்கும் தேர்வையும் இன்றே ரேஞ்சில் வைத்திருந்தார்கள். எங்கள் மாவட்டத்திலிருந்து பெயர் கொடுத்து அனுப்பிய ஒரே பெண் இசக்கிப்ரியா. இரண்டாம் நிலைக் காவலர். கைதிகளோடு கோர்ட் எஸ்கார்ட் போகிற பிள்ளை. அதிகம் பேசாது. துப்பாக்கியைத் திருப்பிக் கொடுக்க வரும்போது துடைத்துக் கொடுக்கிற வெகுசிலரில் ஒருத்தி. அடுத்த வருஷம் வயது வரம்பு தாண்டிவிடுமாம்.

முதல் சில குண்டுகள் நன்றாகப் போயின. பிறகு நின்றது. அவள் இழுத்து, முழுக் குண்டை வெளியே தள்ளி, மறுபடி சுட்டாள். மறுபடி நின்றது. மறுபடி இழுத்தாள். குறித்த நேரம் முடிந்து விசில் ஊதியபோது மேகசினில் பாதிக்குமேல் மிச்சம். அவள் படுத்திருந்த விரிப்பைச் சுற்றிச் சுடாத குண்டுகள் கிடந்தன.

எங்கள் ரிசர்வ் இன்ஸ்பெக்டர் அழகியநம்பி ஐயா பக்கத்தில்தான் நின்றார். தேர்வுக்கு வந்திருந்த அதிகாரி, பிடி சரியில்லை, தோளில் அழுத்திப் பிடிக்காமல் விட்டால் இப்படித்தான் நிற்கும் என்றார். ப்ரியா எழுந்து விறைப்பாக நின்றாள். முகத்தில் மண் ஒட்டியிருந்தது. அதைக்கூடத் துடைக்கவில்லை.

அந்தத் துப்பாக்கியை நான் வெள்ளிக்கிழமை இழுத்துப் பார்த்தது நன்றாக ஞாபகம் இருக்கிறது. கடினமாக இருந்தது. வயிற்றில் முட்டுக்கொடுத்து இழுத்தவற்றில் அதுவும் ஒன்று. பிறகு ஏன் நின்றது?

ஜூன் 10, செவ்வாய்

அந்தத் துப்பாக்கியைத் தனியாக எடுத்து வைத்துப் பிரித்துப் போட்டேன். குழலுக்குள் அழுக்கு இல்லை. வாயு போகும் துளை சுத்தம். மேகசின் உதடு வளையவில்லை. வேறு மேகசின் மாட்டிப் பார்த்தேன். எல்லாம் சரி. எல்லாம் சரியாக இருந்தால் நான் எதைத்தான் சரிசெய்வது?

மத்தியானம் ப்ரியா வந்தாள். என்ன ஆச்சு மேடம் என்று கேட்கத்தான் வந்திருப்பாள். கேட்கவில்லை. முதல் ரவுண்டிலிருந்தே உதை வழக்கத்தைவிட அதிகமாக இருந்ததாகச் சொன்னாள். சட்டைக் காலரை விலக்கித் தோளைக் காட்டினாள். நாவல்பழம் நசுங்கினதுபோல் கன்றிக் கிடந்தது. சரியாக அழுத்திப் பிடிக்காவிட்டால் அப்படித்தான் கன்றும் என்று சொன்னேன். அது பொய்யில்லை. அப்படியும் கன்றும்.

"அழுத்தித்தான் மேடம் பிடிச்சேன்" என்றாள். காலரைச் சரிசெய்துகொண்டு போனாள்.

ஜூன் 12, வியாழன்

ஆர்.ஐ. ஐயா கூப்பிட்டார். ப்ரியாவின் விஷயத்தில் மேலே பதில் எழுத வேண்டுமாம். பழுது துப்பாக்கியிலா, பிடித்தவளிடமா? ஒரு வரியில் சொல்லுங்கள் என்றார்.

பிரித்துப் பார்த்ததில் குறை இல்லை, சுருள் பலமாக இருக்கிறது என்றேன். உறுதியா என்றார். நானே இழுத்துப் பார்த்தேன் ஐயா என்றேன்.

அவர் எழுதிக்கொண்டார். வெளியே வந்து வேப்பமரத்தடியில் கொஞ்ச நேரம் நின்றேன். பார்த்ததைத்தான் சொன்னேன். பிறகு ஏன் கிடங்குக்குள் திரும்பிப் போக மனமில்லை என்று விளங்கவில்லை.

ஜூன் 14, சனி

ஸ்கூட்டரில் மார்க்கெட் போகும்போது பின்பிரேக் பிடிக்கவில்லை. இடது கைப் பிரேக். தள்ளுவண்டிக்காரர் ஒதுங்கிக்கொண்டதால் தப்பித்தேன். நேரே மெக்கானிக்கிடம் விட்டேன். அவர் ஓட்டிப் பார்த்துவிட்டு, பிரேக் பிரமாதமாக இருக்கிறது, புதுக் கேபிள் என்றார். எனக்கு ஒர்க்‌ஷாப் வேலை தெரியும் என்று சொல்லலாமா என்று நினைத்தேன். சொல்லவில்லை. வேறு இடத்தில் காட்ட வேண்டும்.

ஜூன் 15, ஞாயிறு

கோவிலில் பிரசங்கம் காதில் ஏறவில்லை. அந்தப் பிள்ளையின் தோள் கண்ணிலேயே நிற்கிறது.

ஜூன் 16, திங்கள்

அண்ணாச்சி வந்துவிட்டார். கல்யாண லட்டு கொண்டுவந்தார். நடந்ததைச் சொன்னேன். லட்டு டப்பாவை மூடி வைத்துவிட்டு அவர் கேட்ட முதல் கேள்வி: சுட்டு முடிந்த வெற்றுத் தோட்டா எங்கே போய் விழுந்தது?

நான் கவனிக்கவில்லை. ப்ரியாவைக் கூப்பிட்டுக் கேட்டோம். அடுத்த ஆளையும் தாண்டி அதற்கடுத்த ஆளின் கழுத்தில் பட்டதாகவும், அவர் திட்டியதாகவும் சொன்னாள். அவளை அனுப்பிவிட்டு அண்ணாச்சி, சுருள்தான் என்றார். சுருள் தளர்ந்தால் பாகம் தடையில்லாமல் பின்னால் பாயும், தோளில் உதைக்கும், வெற்றுத் தோட்டாவைத் தூர எறியும், திரும்பி வரும்போது மட்டும் நோஞ்சானாக வரும். இதெல்லாம் எனக்குத் தெரியாததில்லை. பயிற்சியில் இதையே நான் மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன்.

ஆனால் நான் இழுத்துப் பார்த்தேனே. அதைத்தான் அவரிடம் சொன்னேன். கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன். நீங்கள் இல்லாத நேரத்தில் நான் பார்த்தது என்பதால்தானே குறை தேடுகிறீர்கள் என்றும் சொல்லிவிட்டேன்.

அவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு என் கையைப் பார்த்தார். ரேக்கின் பக்கம் போய்விட்டார்.

ஜூன் 18, புதன்

ரேக்கில் இருந்த எல்லாவற்றையும் மறுபடி இழுத்தேன். முன்னைவிடக் கடினமாகவே இருக்கின்றன. தளர்ந்த சுருள் நாளுக்கு நாள் இறுகுமா? அப்படி ஒரு உலோகம் உலகத்தில் உண்டா?

யோசித்துப் பார்த்தவை: துரு ஏறி உராய்வு கூடியிருக்கலாம். துரு இல்லை. எண்ணெய் கெட்டிப்பட்டிருக்கலாம். புது எண்ணெய். கட்டைக்குள் ஈரம் இறங்கி மரம் உப்பியிருக்கலாம். இந்த வெயிலில் ஈரம் எங்கிருந்து வரும்? என் தலைக்குள்தான் ஏதோ உப்பியிருக்கிறது.

போல்ட் பாகம் ஒன்று கை நழுவிச் சிமெண்டுத் தரையில் விழுந்தது. கையில் எண்ணெய். அண்ணாச்சி குனிந்து எடுத்துத் துடைத்து மேசையில் வைத்தார். எண்ணெய் என்றேன். ஆமா, எண்ணெய்தான் என்றார்.

ஜூன் 24, செவ்வாய்

புதுச் சுருள்கள் வந்தன. எண்ணெய்க் காகிதம் சுற்றி, கறுப்பாக, மினுமினுப்பாக. வயிறு குளிர்ந்தது. உடனே ப்ரியாவின் துப்பாக்கியில் ஒரு ஜோடியை மாட்டினேன். மாட்டுவதே பெரும்பாடாக இருந்தது. அண்ணாச்சி வந்து கட்டையைப் பிடித்துக்கொண்டார்.

பிறகு இழுத்தேன். பாதிக்குமேல் வரவில்லை.

வயிற்றில் முட்டுக்கொடுத்தேன். சுவரில் முட்டுக்கொடுத்தேன். வரவில்லை. இன்னொரு ஜோடியை மாட்டச் சொன்னேன். அதுவும் அப்படியே. கழற்றிப் பழசின் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் புதுசு இரண்டு விரற்கடை கூடுதல் நீளம். கனத்த சுருள். வேறு ஏதோ ஆயுதத்துக்கு உரியதை மாற்றி அனுப்பிவிட்டார்கள். வேறென்ன? இத்தனை மாதம் காத்திருந்து வந்ததும் தப்பான சரக்கு.

திருப்பி அனுப்பக் கடிதம் எழுத உட்கார்ந்தேன். அண்ணாச்சி எதிரில் நின்றுகொண்டே இருந்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தார். கடைசியில், "நாளைக்கு அனுப்புவோம். ஒருநாள் கெடக்கட்டும், தங்கச்சி" என்றார். அவர் என்னைத் தங்கச்சி என்று கூப்பிட்டு எவ்வளவோ நாளாகிறது.

ஜூன் 25, புதன்

நடந்ததை நடந்தபடி எழுதப் பார்க்கிறேன்.

காலையில் ப்ரியா எஸ்கார்ட் டியூட்டிக்குத் துப்பாக்கி வாங்க வந்தாள். மேசையில் புதுச் சுருள் மாட்டிய துப்பாக்கி கிடந்தது. தப்பான சரக்கு என்று காட்ட ஒரு சாட்சி இருக்கட்டும் என்று, இதை இழுத்துப் பார் என்றேன்.

சன்னல் கொண்டியைத் திறப்பதுபோல் இழுத்தாள். முழுக்க. விட்டாள். போல்ட் அடைத்த சத்தம் கிடங்கு முழுக்கக் கேட்டது.

"இது நல்லாருக்கே மேடம். ட்ரெயினிங் சென்டர்ல இப்படித்தான் இருந்துச்சு."

ரேக்கிலிருந்து பழசு ஒன்றை எடுத்துக் கொடுத்தேன். பயிற்சிக்கு முன் நான் வயிற்றில் முட்டுக்கொடுத்து இழுத்தவற்றில் ஒன்று. அவள் இரண்டு விரலால் இழுத்தாள். இதில் ஒன்றுமே இல்லையே என்றாள். சொன்ன பிறகு என்னைப் பார்த்தாள். நான் அண்ணாச்சியைப் பார்த்தேன். அண்ணாச்சி சன்னலைப் பார்த்தார்.

புதுசை நான் வாங்கினேன். இடது கையால் இழுத்தேன். பாதி. அப்புறம், எதற்கென்று தெரியாமல், வலது கையைக் குறுக்கே கொண்டுபோய் இழுத்தேன். வந்துவிட்டது. முழுதாக, லேசாக. மறுபடி இடது கை. பாதி. மறுபடி வலது. முழுசு. பைத்தியக்காரி மாதிரி மாற்றி மாற்றி இழுத்துக்கொண்டிருந்தேன். அண்ணாச்சி வந்து துப்பாக்கியை மெதுவாக என் கையிலிருந்து எடுத்துக்கொண்டார்.

ப்ரியாவுக்கு அவர் வேறு துப்பாக்கி கொடுத்தார். அவள் வாசல்வரை போய்த் திரும்பி நின்றாள்.

"இத்தன நாளா என் கையத்தான் மேடம் சந்தேகப்பட்டுக்கிட்டு இருந்தேன்" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன்.

அவள் போன பிறகு அண்ணாச்சியிடம், உங்களுக்கு முன்னமே தெரியுமா என்று கேட்டேன். அவர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பொங்கலுக்குப் பிறகே தெரியுமாம். டீ கிளாஸை நான் இடது கையில் வாங்குவதை விட்டுவிட்டேனாம். எனக்கே அது தெரியாது. அப்போதிலிருந்து நான் பார்த்து வைத்தவற்றை மறுபடி இழுத்து, ரொம்பத் தளர்ந்தவற்றை மட்டும் பின்வரிசைக்குத் தள்ளி வைத்துக்கொண்டு வந்திருக்கிறார். கல்யாணத்துக்குப் போன வாரம்தான் அது தவறிவிட்டது.

ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டேன். இதைக் கேட்கும்போது என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

"சொன்னா என்ன நெனச்சிருப்ப? பொம்பளைக்கு இது ஒத்துவராதுன்னு அன்னைக்கே சொன்னவன், இப்பம் நாற்காலிக்கு அலையுதான்னு நெனச்சிருப்ப. ஊரும் அதைத்தான் சொல்லும். நீயே கண்டுபிடிச்சுருவன்னு இருந்துட்டேன். தப்புதான். அந்தப் பிள்ளைக்குப் பண்ணுனது பெரிய தப்பு."

அன்றைக்கு அவர் சொன்னது எனக்குக் கேட்டது அவருக்கும் தெரிந்திருக்கிறது. இத்தனை வருஷமாக இரண்டு பேரும் அதைச் சுமந்துகொண்டு ஒரே மேசையில் எண்ணெய் துடைத்திருக்கிறோம்.

வீட்டுக்கு வந்து குக்கர் மூடியை இடது கையால் திருகிப் பார்த்தேன். கேஸ்கட் நன்றாகத்தான் இருக்கிறது.

ஜூன் 26, வியாழன்

ஆர்.ஐ. ஐயாவிடம் சொன்னேன். உட்காரச் சொன்னார். முழுக்கக் கேட்டார். கெட்டிக்கார மனிதர், கெட்டவரும் இல்லை. ஒரு வழி சொன்னார். தோட்டாவில் கோளாறு என்று எழுதிவிடலாம். ஈரம் ஏறிய தோட்டா எங்கும் உள்ளதுதான். ப்ரியாவுக்கு மறுதேர்வு கிடைக்கும். என் பேர் எங்கேயும் வராது. புதுச் சுருளை மாற்றிவிட்டால் விஷயம் முடிந்தது.

"உங்களுக்கும் நல்லது, அந்தப் பொண்ணுக்கும் நல்லது. யாருக்கும்மா நஷ்டம்?" என்று கேட்டார்.

உண்மையில் அந்த வழி எனக்குப் பிடித்திருந்தது என்பதையும் எழுதத்தான் வேண்டும். வேலை போய்விட்டால் என்ன செய்வேன் என்பது ஒருபக்கம். பெண்ணுக்குக் கையில்லை என்ற பேச்சு மறுபடி கிளம்பும், எனக்குப் பின்னால் எந்தப் பெண்ணையும் இந்த வேலைக்கு எடுக்கமாட்டார்கள் என்பது மறுபக்கம். மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அப்போதுதான் கருவூலக் காவல் ஞாபகம் வந்தது. சிறை, கோர்ட், நீதிபதி வீடு. அங்கெல்லாம் ஆட்கள் தோளில் மாட்டிக்கொண்டு நிற்பவை நான் இழுத்துப் பார்த்து நல்லது என்று அனுப்பியவை. வந்த புதுச் சுருள்கள் பாதித் துப்பாக்கிகளுக்குக்கூடக் காணாது. தோட்டாவில் கோளாறு என்று எழுதினால் தோட்டாவைத்தான் சோதிப்பார்கள். அந்தத் துப்பாக்கிகளை யாரும் திரும்பக் கூப்பிடமாட்டார்கள்.

அதைச் சொன்னேன். அவர் பேனாவை மூடிவிட்டார். சரி, கை எப்போதிலிருந்து இப்படி, டாக்டரிடம் காட்டினீர்களா என்று கேட்டார். இந்தக் கேள்வியை என்னிடம் யாரும் இதுவரை கேட்கவில்லை. நானும் கேட்டுக்கொள்ளவில்லை.

பழுது சுருளில்தான் என்று மேலே எழுதி, ப்ரியாவுக்கு மறுதேர்வும் கேட்டார். கிடங்குப் பொறுப்பு இன்றோடு அண்ணாச்சிக்கு. காவலுக்குப் போன துப்பாக்கிகளையெல்லாம் முறைவைத்துத் திரும்ப வாங்க உத்தரவு. காவலர்கள் மூக்கால் அழுதுகொண்டே கொண்டுவந்து தருகிறார்கள்.

ஜூன் 28, சனி

ஆஸ்பத்திரி. ஆசீர் லீவு போட்டுவிட்டுக் கூட வந்தார். டாக்டரம்மா சின்ன வயது. விரலை விரிக்கச் சொல்லி நடுவில் ஒரு காகிதத்தை வைத்து இழுத்தார். வலது கையில் நின்றது. இடது கையில் வழுக்கிக்கொண்டு வந்துவிட்டது. கழுத்தில் ஸ்கேன். எலும்புகளுக்கு நடுவிலுள்ள தட்டு பிதுங்கி நரம்பை நெரிக்கிறதாம். வலியே அவ்வளவாக இல்லையே என்றேன். வலி இருந்திருந்தால் முன்பே வந்திருப்பீர்கள் என்றார். ஆபரேஷன் செய்தால் மேலே மோசமாகாது. போன பலம் எவ்வளவு திரும்பும் என்று இப்போது சொல்ல முடியாது.

வரும் வழியில் ஆசீர், சட்டைப் பித்தானை ஒரு கையால் போட்டுக்கொண்டிருந்தாயே, ஏதோ ஸ்டைல் என்று நினைத்தேன் என்றார். சிரித்தோம். பிறகு அவர் வண்டியை ஓரமாக நிறுத்தி, என் இடது கையை எடுத்துத் தன் தோளில் வைத்துக்கொண்டார்.

ஜூலை 4, வெள்ளி

மறுதேர்வு. நான் ரேஞ்சுக்குப் போகலாமா வேண்டாமா என்று காலைவரை குழப்பம். என்னைப் பார்த்தால் ப்ரியாவின் குறி தப்புமோ என்று ஒரு பயம். கடைசியில் அண்ணாச்சிதான் ஜீப்பில் ஏறச் சொன்னார்.

துப்பாக்கியை அவர் கொடுத்தார். அவள் வாங்கி, இழுத்துப் பார்த்து, படுத்தாள். எனக்கு வேறெதுவும் பார்க்கத் தோன்றவில்லை. வெற்றுத் தோட்டாக்களை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்திலேயே, ஒரே இடத்தில், கோழிக்குத் தீனி போட்ட மாதிரி விழுந்தன. ஒருமுறைகூட நிற்கவில்லை.

பிரமாதமாகச் சுட்டாள் என்று சொல்லமாட்டேன். கடைசிக் குண்டுகள் விலகிவிட்டன. போன மாதம் முழுக்கத் தன்னைத் தானே சந்தேகப்பட்டவள் வேறெப்படிச் சுடுவாள்? ஆனாலும் தேறிவிட்டாள். கமாண்டோ பயிற்சிக்கு அவள் பெயர் போகிறது.

திரும்பும்போது என் எதிரில் வந்து சல்யூட் வைத்தாள். நன்றி என்றோ பரவாயில்லை என்றோ சொல்லவில்லை. மன்னித்துவிட்டாளா என்று தெரியவில்லை. கேட்கும் உரிமை எனக்கு இல்லை என்பது மட்டும் தெரிகிறது.

ஜூலை 22, செவ்வாய்

ஆபரேஷன் முடிந்து வீடு. கழுத்தில் பட்டை. குனிந்து எழுத முடியவில்லை. இவ்வளவுதான்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

அண்ணாச்சி பார்க்க வந்திருந்தார். இரண்டாம் தவணைச் சுருள்களும் வந்து எல்லாவற்றுக்கும் மாற்றியாயிற்றாம். இனிமேல் கையை மட்டும் நம்புவதில்லை, புதுச் சுருள் ஒரு ஜோடியைத் தனியாக எடுத்து வைத்திருக்கிறேன், அதோடு வைத்து நீளம் பார்க்காமல் எதையும் விடுவதில்லை என்றார். தன் கையும் எப்போது தளரும் என்று யாருக்குத் தெரியும் என்று சொல்லிவிட்டுத் தன் விரல்களை விரித்துப் பார்த்துக்கொண்டார்.

நான் திரும்ப வருவேனா என்று அவர் கேட்கவில்லை. என் ஸ்டூலில் இன்னும் யாரையும் உட்காரவிடவில்லை என்று மட்டும் சொன்னார். மெடிக்கல் போர்டு என்ன சொல்லுமோ. மூன்று விதமாக மூன்று பேர் சொல்கிறார்கள்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

உடற்பயிற்சி சொல்லித்தரும் பெண் கொடுத்த ரப்பர் பந்தைத் தினமும் இடது கையால் அமுக்கிக்கொண்டிருக்கிறேன். முதல் வாரம் கல்லை அமுக்குவதுபோல் இருந்தது. விரல் பதியவே இல்லை. இன்று காலையில் அமுக்கியபோது பந்து பாதிக்குமேல் உள்ளே போனது. மறுபடி அமுக்கினேன். போனது. ஆசீரைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவருக்குக் கண் கலங்கிவிட்டது. பார்த்தாயா, பலம் வந்துவிட்டது என்றார்.

எனக்கும் அப்படித்தான் நினைக்க ஆசை. ஆனால் இத்தனை நாள் அமுக்கியதில் பந்து தளர்ந்துபோயிருக்கலாம் அல்லவா? என் கையை வைத்துப் பந்தையும், பந்தை வைத்துக் கையையும் எப்படித் தெரிந்துகொள்வது?

கடைக்குப் போய் இதே மாதிரி புதுப் பந்து ஒன்று வாங்கி வரச் சொல்லியிருக்கிறேன். போயிருக்கிறார். வாசலில் வண்டிச் சத்தம் கேட்கிறது.